ஏற்றத்தில் இழுக்காத வண்டி

அக்டோபர் 9, புதன்

உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை நாளும் அரிசிப் பானைக்கு மூடியாகக் கிடந்தது. இன்றைக்கு எடுத்துத் தூசி தட்டி எழுதுகிறேன். காரணம், வாயைத் திறந்தால் இந்த வீட்டில் சண்டை வருகிறது. திறக்காவிட்டால் எனக்குத் தலைவலி வருகிறது.

வேலை இதுதான். விடியும் முன்னே போடியில் கிளம்பி, அடிவாரத்து முந்தல் தாண்டி மலையேறி, பெண்களை ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருவது. டீசல் கார். ஏழு பேர் உட்காரலாம் என்று கம்பெனிக்காரன் சொன்னான், எத்தனை பேர் உட்காருகிறோம் என்பதை நான் எழுதப்போவதில்லை. ஆடி மாதம் வரை என் வீட்டுக்காரர் சுருளிவேல்தான் ஓட்டினார். கேரியரில் மூட்டை கட்டும்போது கீழே விழுந்து கால் முறிந்தது. கூலிக்கு வந்த டிரைவர்களில் ஒருவன் குடித்துவிட்டு வந்தான், இன்னொருவன் வரவே இல்லை. லைசென்ஸ் எடுத்துப் பீரோவில் பூட்டி வைத்திருந்தவள் நான். எடுத்துக்கொண்டு ஏறினேன். பதினேழு கொண்டை ஊசி வளைவும் இப்போது என் கைக்குப் பழகிவிட்டது.

இன்றைக்குக் கோபத்துக்குக் காரணம் குபேந்திரன், இவருடைய பங்காளி மகன். வந்தான், நான் போட்ட டீயைக் குடித்தான், பெண்கள் ஓட்டினால் டர்போ தாங்காது என்று எனக்கே பாடம் எடுத்தான். மலையேறி வந்ததும் சட்டென்று அணைத்துவிடுகிறார்களாம். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற காற்றாடி, ஏற்றத்தில் கொதித்துப் போயிருக்கும், ஒரு நிமிடம் வண்டியைச் சும்மா ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும். எனக்குத் தெரியாதா? தினமும் அதைத்தானே செய்கிறேன். இந்த மனுஷன் அதைச் சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. எஞ்சினை நானே கழுவுவேன் என்று இவர் ஒரே பிடிவாதம். நாற்காலியை வாசலில் போட்டு, கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி, பானெட்டைத் தூக்கி வைத்து, டியூப்பில் தண்ணீர் பீய்ச்சினார். தண்ணீர் உள்ளே போகக் கூடாத இடத்தையெல்லாம் பாலிதீன் சுற்றி, பழைய பச்சைக் கட்டம் போட்ட கைலியைக் கிழித்துக் கிழித்து அடைத்தார். அதில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது மாதிரிக் கழுவுவார். நான் உள்ளே சுண்டலைத் தாளித்துக்கொண்டிருந்தேன்.

பொட்டு வைத்து, மாலை போட்டு, பூசணிக்காயை உடைத்தாகிவிட்டது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்தார்கள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். "குபேந்திரா, ஏறி நசுக்குடா" என்றார் இவர்.

மூன்று மாதமாக வண்டி ஓட்டுகிறவள் பக்கத்தில் நிற்கிறேன். எலுமிச்சம்பழத்தை நசுக்கக்கூட ஒரு ஆம்பளை வேண்டியிருக்கிறது. சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் இரண்டு தட்டுச் சுண்டல் தின்றேன்.

அக்டோபர் 14, திங்கள்

வண்டி இழுக்கவில்லை.

முந்தல் வரை ஒன்றும் தெரியவில்லை. சமதரையில் நல்ல பிள்ளை மாதிரி ஓடியது. ஏற்றம் பிடித்ததும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மிதித்தால் சத்தம் வருகிறது, வேகம் வரவில்லை. பின்னால் கறுப்புப் புகை. மூன்றாவது கியரில் பறக்கிற வளைவில் முதல் கியருக்கு வந்துவிட்டேன். பின்னால் வந்த ஜீப்பெல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டே தாண்டிப் போனது. முன்சீட்டு எப்போதும் ஒச்சம்மாள் பெரியம்மாவுக்குத்தான், எங்கள் வண்டியிலேயே மூத்தவர். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சாமி பேரை முனகிக்கொண்டே வந்தார். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

தோட்டத்துக் கேட்டில் கங்காணி போஸ் நின்றார். பிந்திப் போனால் ஆட்களுக்கு அரை நாள் கூலி வெட்டு. இன்றைக்கு ஒரு நாள் விட்டுவிடுவதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். கறுப்புப் புகையா, ஏற்றத்தில் மட்டுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு எதுவும் கேட்கவில்லை. சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டார். என்னைத் திட்டுவதற்கு வார்த்தை தேடுகிறார் என்று நினைத்தேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

வார்த்தை கிடைத்துவிட்டது. இன்றைக்கு நான் வந்தபோது குபேந்திரன் உட்கார்ந்திருந்தான். ஓட்டுகிற லட்சணம்தான் காரணம் என்று இவரே அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே காதில் விழுந்தது.

அக்டோபர் 16, புதன்

மெக்கானிக் அபுதாகிர் பாயிடம் விட்டேன். இவர் காலத்திலிருந்தே எங்களுக்கு அவர்தான். டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகிற காற்றுக் குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுக் காட்டினார். விரல் முழுக்க எண்ணெய். டர்போவின் உள் சீல் போய்விட்டது, அதனால்தான் காற்றுப் பாதைக்கு எண்ணெய் வருகிறது என்றார். காற்றாடித் தண்டை ஆட்டிப் பார்த்தார். லேசாக ஆடியது. ஏர் ஃபில்டரையும் எடுத்துப் பார்த்தார், சுத்தமாக இருந்தது.

"மலையேறி வந்து டக்குனு அணைச்சிருவியோம்மா?" என்றார்.

பாயும் இதையே கேட்கிறார். இல்லை என்றேன். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

வீட்டில் இவர், பாய் எதையெல்லாம் கழற்றினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஃபில்டர் பெட்டியைக் கழற்றினாரா, அதற்கு முன்னால் ஏதாவது பார்த்தாரா என்றார். மேற்பார்வை பார்க்கிறாராம். நீங்களே போய்க் கேளுங்கள் என்று கத்திவிட்டேன்.

அக்டோபர் 17, வியாழன்

மறுபடியும் பிந்தியது. அரைக் கூலி போனவர்கள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அக்டோபர் 19, சனி

புது டர்போ போட்டாயிற்று. மாடிக்குத் தகரம் போட வைத்திருந்த பணமெல்லாம் அதற்குப் போனது. மழைக்கு ஒழுகுகிற மூலையில் இந்த வருஷமும் அண்டாதான்.

பாய்க்குச் சரி என்று சொல்வதற்கு முன் இவரிடம் வந்து கேட்டேன். "டர்போவ மாத்தித்தான் ஆகணுமா? நீங்க சொல்லுங்க, உங்களுக்குத் தெரியும்ல" என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, "பாய் சொன்னா மாத்து" என்றார். அவ்வளவுதான்.

அக்டோபர் 21, திங்கள்

இழுக்கவில்லை.

புது டர்போ. அதே கறுப்புப் புகை, அதே முதல் கியர். மலைப்பாதையில் புலியூத்துக்குக் கீழே ஒரு வளைவில் வண்டி நின்றே விட்டது. மழை வேறு. பெண்கள் இறங்கி, தூக்குவாளியைத் தலையில் வைத்துக்கொண்டு, வளைவு முடிகிற வரை நடந்து வந்தார்கள். நான் காலி வண்டியை ஏற்றிக்கொண்டு போய் மேலே காத்திருந்தேன். கண்ணாடியில் அவர்கள் நனைந்து வருவது தெரிந்தது. ஸ்டியரிங்கை ஒரு குத்து விட்டேன். கைதான் வலித்தது.

எல்லோருடைய மேலும் கோபம். பாய் மேல், குபேந்திரன் மேல், டர்போ கண்டுபிடித்தவன் மேல், மலை மேல்கூட. என் மேலும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இத்தனை பேர் சொல்கிறார்களே, நிஜமாகவே எனக்கு ஓட்டத் தெரியவில்லையோ.

இதை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

அக்டோபர் 22, செவ்வாய்

காலையில் எழுந்து வந்தால், இவர் ஊன்றுகோலுடன் வண்டி முன்னால் நிற்கிறார். பானெட் திறந்திருக்கிறது. வாயில் டார்ச். குனியப் பார்க்கிறார், கட்டுப்போட்ட கால் விடவில்லை. ஒரு கையால் வண்டியின் முன்பக்கக் கிரில்லைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை உள்ளே நீட்டுகிறார்.

என்ன செய்கிறீர்கள் என்றேன். திடுக்கிட்டுப் போனார். சும்மா ஆயில் பார்த்தேன் என்றார். என்னை நம்பாமல் ஆயில் அளவு பார்க்க வந்துவிட்டார் என்று எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இன்னொரு கால் முறிந்தால் யார் தூக்குவது, போய்ப் படுங்கள் என்று தெருவே கேட்கக் கத்தினேன். எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. எதிர்த்துப் பேசாமல் உள்ளே போய்விட்டார். எப்போதும் எதிர்த்துப் பேசுகிறவர்.

அக்டோபர் 24, வியாழன்

தேனிக்குக் கொண்டுபோனேன். கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கிற இடம். ஏசி அறை, என்னை வெளியே உட்கார வைத்தார்கள். காற்று போதுமான அளவு வரவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறதாம். அதற்காகக் காற்றை அளக்கிற சென்சாரை மாற்றினார்கள். காற்று வரவில்லை என்று சொன்னதற்குச் சொன்னவனை மாற்றியிருக்கிறார்கள்! திரும்பும்போது எனக்கே சிரிப்பு வந்தது. முந்தல் வரை போய் ஏற்றிப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது.

அக்டோபர் 26, சனி

போஸ் இன்றைக்குக் கேட்டிலேயே சொல்லிவிட்டார். தீபாவளிக்கு அப்புறம் ஸ்டியரிங்கில் குபேந்திரன் உட்காருவானாம். வண்டி எங்களுடையதாகவே இருக்கலாம், டிரிப்பும் எங்களுக்கே, ஓட்டுவது மட்டும் அவன்.

"நானா சொல்லலம்மா. உங்க வீட்டுக்காரரே போன்ல சொல்லிட்டாரு, பொம்பளைக்கு மலை தோது இல்லன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

இறங்கும்போது ஒச்சம்மாள் பெரியம்மா என் தோளில் கையை வைத்தார். தட்டிவிட்டேன். பாவம். அவர் என்ன செய்தார்.

வீட்டில் சமைக்கவில்லை. நேற்றைய சோற்றில் மோரை ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். தலை நிமிராமல் சாப்பிட்டார்.

அக்டோபர் 27, ஞாயிறு

முதலிலிருந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

காலையில் பாயின் பட்டறைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை மூடுவார், ஞாயிறு திறந்திருக்கும். போட்ட டர்போவைக் கழற்றுங்கள், என் பழையதைக் கொடுங்கள் என்று சண்டைக்குத்தான் போனேன். பாய் டீ வாங்கித் தந்தார். அதையும் வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சண்டை போட்டேன். கடைசியில் அவருக்கும் கோபம் வந்து, சரி, நீயே பார் என்று ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தார். நான் பானெட் பக்கம் நின்றேன்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போவுக்குப் போகிற ரப்பர் குழாய், அவர் மிதிக்க மிதிக்க உள்ளே ஒட்டிக்கொண்டு போனது. பாக்கெட் பால் ஐஸை உறிஞ்சி முடித்ததும் கவர் ஒட்டிப் போகுமே, அப்படி. விட்டால் உப்பிக்கொண்டது. மிதித்தால் ஒட்டியது.

"பாய், இது உறிஞ்சுது. ஆனா உள்ள காத்து வரல."

பாய் இறங்கி வந்து பார்த்தார். குழாயைக் கையால் பிடித்துக்கொண்டு என்னை மிதிக்கச் சொன்னார். பிறகு எதுவும் பேசாமல் ஃபில்டர் பெட்டியைத் தாண்டி, அதற்கு முன்னால் கிரில்லுக்குப் பின்னே போகிற மூக்குக் குழாயைக் கழற்ற ஆரம்பித்தார். வெளிக்காற்று முதலில் நுழைகிற இடம் அது. ஃபில்டர் சுத்தமாக இருந்தால் அதற்கு முன்னால் யாரும் பார்ப்பதில்லையாம். குழாயின் வளைவில் விரலை விட்டு இழுத்தார்.

பச்சைக் கட்டம் போட்ட கைலித் துணி.

கசங்கி, இறுகி, சாணி உருண்டை மாதிரி வந்தது. சமதரையில் ஓரத்தில் கசிகிற காற்றே வண்டிக்குப் போதும். ஏற்றத்தில் டர்போ வேகமாக உறிஞ்சும்போது துணி வளைவில் போய் அடைத்துக்கொள்ளும். காற்று கிடைக்காத டர்போ, சீல் வழியாக எண்ணெயை உறிஞ்சியிருக்கிறது. பழைய டர்போவில் ஒரு கோளாறும் இல்லை, அந்த லேசான ஆட்டம் எல்லா டர்போவிலும் இருப்பதுதானாம். கம்ப்யூட்டர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. எல்லோரும் சேர்ந்து நல்ல சாமானைக் கழற்றி எறிந்திருக்கிறோம்.

பாய் தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டார். பூஜைக்குக் கழுவும்போது வைத்த துணியம்மா, எடுக்க மறந்திருக்கிறார்கள், என் புத்திக்கு எட்டவில்லை, மன்னித்துக்கொள் என்றார். அவரைத் திட்டுவதற்கு வைத்திருந்த எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. துணியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். துணியை மடியில் போட்டேன். நான் எதிர்பார்த்தது, ஐயோ மறந்துட்டேனே என்று பதறுவார் என்று. மறதிதானே, யாருக்கு இல்லை. வழியெல்லாம் எப்படித் திட்டுவது, எந்த இடத்தில் விட்டுக்கொடுப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அவர் பதறவில்லை. துணியைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நின்றது அப்போது நினைவுக்கு வந்தது. ஃபில்டருக்கு முன்னால் பார்த்தாரா என்று கேட்டது, பாதிச் சோற்றை வைத்தது, சுவரைப் பார்த்துக்கொண்டு மாற்று என்று சொன்னது, எல்லாம்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். மறுபடியும் கேட்டேன்.

"நீ இழுக்கலன்னு வந்து சொன்ன அன்னிக்கே."

"அப்ப ஏன் சொல்லல?"

"மறுநா நீ வந்ததும் சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள குபேந்திரன் வந்துட்டான். ஒன் ஓட்டுதான்னு அவன் சொன்னான், நானும் ஆமான்னுட்டேன். அப்புறம் எப்படிச் சொல்றது?"

கத்தவில்லை. இத்தனை நாளும் கத்தியவள் நான், இன்றைக்குச் சத்தமே வரவில்லை. அந்தப் பெண்கள் மழையில் நடந்தார்களே என்று மட்டும் கேட்டேன்.

அக்டோபர் 28, திங்கள்

வண்டி ஏறியது. மூன்றாவது கியரில், டர்போ விசிலடிக்க, புலியூத்து வளைவில் ஒரு ஜீப்பைத் தாண்டினேன். ஒச்சம்மாள் பெரியம்மா கண்ணைத் திறந்துகொண்டு வந்தார். சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கோபம்தான் இருந்தது, அதுவும் மூன்றாவது கியரில்.

வண்டிக்கு என்ன ஆச்சு என்று எல்லோரும் கேட்டார்கள். புதன்கிழமை தெரியும் என்றேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

நாளைக்கு நீங்களும் வருகிறீர்கள் என்று சொன்னேன். எதற்கு என்று கேட்கவில்லை. கால் வலிக்கிறது என்றார். எனக்கும்தான் என்றேன்.

அக்டோபர் 30, புதன்

தீபாவளிக்கு முந்தைய கடைசி டிரிப். முன்சீட்டில் ஒச்சம்மாள் பெரியம்மா. இவரைப் பின்னால் கடைசி சீட்டில் ஏற்றினேன். காலை நீட்ட இடமில்லை, ஊன்றுகோலைப் பக்கவாட்டில் செருகி, மடியில் யாருடைய தூக்குவாளிகளையோ வைத்துக்கொண்டு வந்தார். அவர் ஓட்டிய காலத்தில் பின்சீட்டில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. கண்ணாடியில் தெரிந்தார். நான் கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் கையைப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

கேட்டில் போஸ் இவரைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு வந்தார். வண்டி சரியாகிவிட்டதே, என்ன கோளாறு என்றார். பெண்கள் இறங்கிச் சுற்றி நின்றார்கள். கண்ணாடியை ஒரு துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். பச்சைக் கட்டம் போட்ட துணி, துவைத்துக் காயவைத்தது.

"ஒரு துணி அடைச்சிருந்துச்சு" என்றார் இவர்.

அதோடு முடித்துவிடப் பார்த்தார். போஸும் நல்லதாப் போச்சு, அப்போ தீபாவளி முடிஞ்சு குபேந்திரனை வரச் சொல்லிருவோம் என்றார். இவர் என்னைப் பார்த்தார். நான் துடைத்த இடத்தையே துடைத்தேன்.

"அவன் வேணாம்" என்றார். இருமிவிட்டு மறுபடி சொன்னார். "அவ ஓட்டுல குறை இல்ல. துணிய வச்சது நான். எனக்கு அப்பவே தெரியும், சொல்லல."

மழையில் நடந்த பெண்களில் ஒருத்தி, ஜக்கம்மா, அவர் மடியிலிருந்து தன் தூக்குவாளியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனாள். போஸ் தலையைச் சொறிந்தார். பிறகு என் பக்கம் வந்து, தீபாவளி முடிந்து திங்கட்கிழமை சீக்கிரம் வந்துவிடு, காய் நிறையப் பழுத்திருக்கிறது என்றார். ஒச்சம்மாள் பெரியம்மா மட்டும் இவரைப் பிடித்து முன்சீட்டில் ஏற்றிவிட்டார். "ஏப்பா, கட்டுனவள இப்படியா மலையில விடுவ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் வரை மேலேயே காத்திருக்காமல் இவரைக் கீழே விட வந்தேன். முந்தல் தாண்டும்போது, "இப்பக் கோவம் தீந்துச்சா?" என்றார்.

"இல்ல."

வீட்டு வாசலில் நிறுத்தினேன். எதிர்வீட்டு வாசலில் நாலு பேர், அவர்களோடு குபேந்திரன். இவர் முகம் மாறியது. சீக்கிரம் உள்ளே போய்விட வேண்டும் அவருக்கு. கையை நீட்டிச் சாவியைத் திருகப் போனார். மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன்.

"இருங்க. டர்போ ஆற வேண்டாமா?"

கையை எடுத்துக்கொண்டார். ஊன்றுகோல் பின்சீட்டில் கிடந்தது, நான் எடுத்துக் கொடுக்காமல் அவரால் இறங்க முடியாது. குபேந்திரன் எழுந்து வண்டியை நோக்கி வந்தான். வந்தவன் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, என்ன சித்தப்பா, வண்டி என்ன சொல்லுது என்றான்.

நான் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எஞ்சினை அணைக்கவில்லை. இவர் அவனிடமும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.